சேனை வைத்தவன்

என் பேரனின் நாக்கில் மாட்டுப்பாலை வைத்தவன் நான். பழி என் சம்பந்தியம்மாள்மேல் விழுந்தது. விழட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி எழுதப்போவதில் பாதி அந்த அம்மாளைப் பற்றிய குறைகளாகத்தான் இருக்கும். குறை சொல்கிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

அவரை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. செய்த தப்புக்கு வருந்திவிட்டால் ஆளைப் பிடித்துப்போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

என் மகன் குமரனுக்குப் பெண் பேச, எங்கள் தீவிலிருந்து படகேறிப் போக வேண்டிய பாகான் டாலாமில் அவர் வீட்டுக்குப் போனபோதுதான் முதலில் பார்த்தேன். மத்தியான வெயில். காற்றாடிக்குக் கீழே நாங்கள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தோம். உயிரியல் ஆசிரியராக வேலை செய்து, துணைத் தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவன் நான். அந்தக் களை முகத்தில் இருக்க வேண்டும் என்று காலையில்தான் தலைக்குச் சாயம் பூசியிருந்தேன். பலகாரத் தட்டை நீட்டிய அந்த அம்மாள் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"சார், காதோரம் மை வடியுது. தொடச்சிக்கிங்க. வெள்ளச் சட்ட வேற போட்டிருக்கீங்க."

என் மனைவி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கேலி செய்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. மை வடிந்தது, சொன்னார். மனதில் தோன்றுவதை வாயில் விடுமுன் நாமெல்லாம் ஒரு நொடி நிற்போமே, அந்த நொடி அவருக்குக் கிடையாது.

கல்யாணம் நடந்தது. அடுத்த ஆண்டே என் மனைவி காலமானாள். பதினாறாம் நாள் காரியத்தில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, சாம்பாரை ஊற்றிக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்:

"அக்கா கைப்பக்குவம் யாருக்கும் வராது. ஆனா சம்பந்தி, ஒரு நாளும் நீங்க அவங்கள மெச்சி நான் கேட்டதில்ல. உப்புக் கொறஞ்சா மட்டும்தான் வாயத் தொறப்பீங்க."

எல்லோரும் தங்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அது உண்மை. உண்மை என்பதால்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் பெயரை நான் உச்சரிப்பதில்லை. 'அந்த அம்மா' என்றுதான் சொல்வேன். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது குமரன் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை. ஒரு நாள் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, பின்னால் அந்த அம்மாள் காரைப் பின்னுக்கு எடுத்தபோது, நிறுத்தியிருந்த மோட்டார்சைக்கிள் ஒன்றில் இடித்து அதன் விளக்கு உடைந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. வண்டிக்காரர் வரும்வரை வெயிலில் நின்றிருக்கிறார். வந்தவர் ஒரு மலாய் இளைஞர். பரவாயில்லை மாச்சே, அதாவது அத்தை, என்று அவர் கிளம்பப் பார்த்தும் இவர் விடவில்லையாம். "இடிச்சது நான்லா, நீ ஏன் பரவாயில்லங்கிற?" என்று தமிழிலும் மலாயிலும் அவரைத் திட்டியே விளக்கு மாற்றிக் கொடுத்தாராம்.

"முட்டாள்தனம்" என்றேன். "காரில் இருந்த மீன் கெட்டிருக்குமே."

"கெட்டுத்தான் போச்சுப்பா" என்றான் குமரன்.

பின்னால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைக் குற்றவாளியாகப் பார்த்து நின்றபோது, இந்தக் கதை மற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. நான் சொல்லவில்லை.

பேரன் பிறந்த அன்றே சண்டை தொடங்கிவிட்டது. பிறந்த பிள்ளையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் ஒருவர் இனிப்புத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. உயிரியல் படித்தவன் இதை நம்பலாமா என்று கேட்காதீர்கள். மனைவி போன வீட்டில், என்னுடையது என்று ஏதோ ஒன்று அந்தப் பிள்ளைக்குள் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சீனித் தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாள் வார்டு வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"தாய்ப்பாலத் தவிர ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு நர்ஸு சொல்லிட்டாங்க. கொண்டுபோங்க." பிறகு கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதுவுமில்லாம, உங்க கொணம் வேற வரணுமா புள்ளைக்கு?" என்றார்.

அடுத்த கட்டிலில் இருந்த பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். கிண்ணத்தோடு படியிறங்கினேன்.

மகளின் பிரசவப் பத்தியத்தைப் பார்க்க அந்த அம்மாள் ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு. வீடெல்லாம் அந்த வாசனை. மருமகள் ஷாலினி நன்றாகப் பால் கொடுத்தாள். ஆனால் சில வாரங்களில் பிள்ளை சாயந்தரமானால் காலை மடக்கி வீரிட்டு அழ ஆரம்பித்தான். வயிறு உப்பியது. பச்சையாகப் போனான். அந்த அம்மாள் உடனே விசாரணையைத் தொடங்கினார். எழுந்ததும் மகளிடம் கேட்கும் முதல் கேள்வியே, "நேத்து என்ன தின்ன?" என்பதுதான்.

முதலில் கத்திரிக்காயை நிறுத்தினார். பிள்ளை அழுதான். இறால், பிறகு பருப்பு, பிறகு முட்டை. ஒவ்வொன்றையும் ஊர் கேட்கக் குற்றம் சாட்டுவார், அது இல்லையென்று தெரிந்ததும் ஊர் கேட்கவே விடுதலையும் செய்வார். "கத்திரிக்கா மேல வீணாப் பழி போட்டுட்டேன்டி. அது இல்ல" என்று அறிவித்துவிட்டு அன்று மதியமே கத்திரிக்காய் பொரித்தார். ஆனாலும் விடுதலையானதைவிடக் கைதானதே அதிகம். ஷாலினி சோறும் மீனுமாக மெலிந்துகொண்டே போனாள்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நான் பாடம் நடத்தினேன்.

"அலர்ஜி வேற, சென்சிடிவிட்டி வேற. அலர்ஜின்னா உடம்போட காவல்படை தப்பா நெனச்சு சண்டைக்குப் போறது. தடிப்பு வரும், வீங்கும், மூச்சு வாங்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வந்துரும். சென்சிடிவிட்டின்னா கொடல் சிணுங்குறது. வாயு, வயித்து வலி, அவ்ளோதான். நம்ம பாப்பாவுக்குத் தடிப்பு இருக்கா? இல்ல. அப்ப அலர்ஜி இல்ல. பொண்ண ஏன் பட்டினி போடுறீங்க?"

"நல்லாப் பேசுறீங்க சம்பந்தி" என்றார் அந்த அம்மாள். "நீங்க பேசும்போதும்தான் புள்ள அழுவுது. அதுக்கு என்ன பேரு?"

ஷாலினிகூடச் சிரித்துவிட்டாள்.

பிறகொரு நாள் பிள்ளையின் டயபரில் சளியும், அதில் இழை இழையாய் இரத்தமும் இருந்தன. கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டர் ஓர் இளம் தமிழ்ப் பெண். வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டதும், யாரும் முகம் திருப்புவதற்குள் அந்த அம்மாள் சொன்னார்: "நான் ஒருக்கா உரமருந்து குடுத்தேன். ஜாதிக்காய், வசம்பு. வயிறு கல்லு மாதிரி இருந்துச்சு." டாக்டர் நன்றாகத் திட்டினார். "சரி, இனிமே குடுக்கல" என்று கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அந்த மருந்தை இழைத்த உரைகல்லை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார்.

தாய் சாப்பிடும் மாட்டுப்பால்தான் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். பால், தயிர், வெண்ணெய், பால் சேர்ந்த பிஸ்கட் எல்லாவற்றையும் சில வாரங்கள் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். குணமானால், அவர் சொல்லும்போது மறுபடி சாப்பிட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கத்திரிக்காய், இறால் எல்லாவற்றையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

இரத்தம் நின்றது. அழுகையும் குறைந்தது. அந்த அம்மாள் மேசையில் உட்கார்ந்து சொன்னார்: "நான் ஊர்ல உள்ளதெல்லாம் சொன்னேன், பால மட்டும் சொல்லல. நான் தோத்துட்டேன். நீங்களும் தோத்துட்டீங்க சம்பந்தி."

அந்த 'நீங்களும்' எனக்குப் பொறுக்கவில்லை. "தானா நின்னிருக்கும். பிள்ளைன்னா அப்படித்தான்" என்றேன்.

தைப்பூசம் வந்தது. கைக்குழந்தை இருப்பதால் வீட்டில் யாரும் கிளம்பவில்லை. நான் மட்டும் விடியலில் மலைக்கோயிலுக்குப் போனேன். பால்குடங்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அபிஷேகப் பாலைப் பிரசாதமாக ஒரு சின்னப் போத்தலில் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்தபோது, விடுமுறையானாலும் குமரன் வேலைக்குப் போயிருந்தான். அந்த அம்மாள் பாசாருக்குப் போயிருந்தார். ஷாலினி குளித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கம்பிச்சுருளில் தொங்கிய சாரோங் துணித் தொட்டிலில் விழித்துக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

வேண்டுமென்று கெடுதல் செய்யவில்லை. ஆனால் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். சாமி பால், சில துளி. தாயின் வழியாக வந்தபோதே தடிப்பு வரவில்லையே, ஆகவே அலர்ஜி இல்லை, ஆகவே ஒன்றும் ஆகாது என்று என் பாடத்தை நானே எனக்கு ஒப்பித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகாவிட்டால் அந்த அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டலாம் என்ற ஆசையும் இருந்தது. ஒரு தேக்கரண்டியை எடுத்தேன். துளி துளியாகத் தொடங்கி, பிள்ளை சப்புக்கொட்டியதும் முழுக் கரண்டியையும் ஊற்றிவிட்டேன். சேனை வைத்தாயிற்று.

நாளிதழைப் பிரிப்பதற்குள் தொட்டிலில் இருமல் கேட்டது. உதட்டைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடிப்பு கழுத்துக்கும் மார்புக்கும் இறங்கியது. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. வாந்தி எடுத்தான். அழுகை கம்மிப்போய் ஏதோ விசில் மாதிரி வந்தது. ஈரத் தலையோடு ஓடிவந்த ஷாலினி போட்ட அலறல் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. பாசார் பையைப் போட்டுவிட்டு உள்ளே வந்த அந்த அம்மாள்தான் பிள்ளையை வாரிக்கொண்டு காருக்கு ஓடினார். அவர்தான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். பிள்ளை மூச்சு விட்டான். பிழைத்துக்கொண்டான்.

அதன் பிறகுதான் என் குற்றம் நடந்தது. பால் வைத்தது மடத்தனம். இது மடத்தனம் இல்லை.

அவசரப் பிரிவு டாக்டர் எங்கள் நால்வரையும் நிறுத்திக் கேட்டார். குமரன் வேலையிலிருந்து ஓடி வந்திருந்தான். "பிள்ளை வாயில என்ன குடுத்தீங்க? மாட்டுப்பால், பால் மாவு ஏதாவது?"

"பாலா? வீட்டுலயே இல்லயே" என்று முந்திக்கொண்டு சொன்னது நான். என் சட்டைப் பையில் அந்தப் போத்தல் இருந்தது.

குமரன் மெதுவாக மாமியார் பக்கம் திரும்பினான். "அத்த, உரமருந்து ஏதாச்சும்…"

"இன்னிக்கு நான் ஒண்ணும் குடுக்கலப்பா."

"பயப்படாம சொல்லுங்கத்த. டாக்டருக்குத் தெரியணும்."

"குடுத்திருந்தா குடுத்தேன்னு சொல்லுவேன்டா தம்பி. அன்னிக்குச் சொல்லலயா? பாசார்லருந்து இப்பதான வந்தேன்?"

"போறதுக்கு முன்னாடி?" என்றாள் ஷாலினி. பெற்ற மகள்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "சம்பந்தி, வீட்டுல நீங்கதான இருந்தீங்க. ஏதாச்சும் பாத்தீங்களா?"

குற்றம் சாட்டவில்லை. சாட்சிக்கு அழைத்தார். நான் ஏதாவது செய்திருப்பேன் என்பது அவர் மனதில் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அந்த நொடியே சொல்லியிருப்பார்.

"நான் பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தேன். கிளம்புறதுக்கு முன்னாடி நீங்கதான் தொட்டில்கிட்ட நின்னீங்க" என்றேன்.

இரண்டாவது வாக்கியம் உண்மைதான். போகுமுன் எட்டிப் பார்த்திருந்தார். அந்த உண்மையை ஆணியாக வைத்து என் பொய்யை மாட்டினேன்.

அன்று மாலையே குமரன் அவரைப் படகுத்துறையில் கொண்டுபோய் விட்டான். வாசலில் அவர் உரைகல்லைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வழக்கமாக வாசலைத் தாண்டுவதற்குள் நாலு பேரை நாலு வார்த்தை சொல்லும் ஆள், அன்று ஒன்றும் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரி நிபுணரைப் பார்க்கத் தேதி தள்ளிக் கிடைத்தது. அதுவரை நாட்டு மருந்து கொடுக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

வீடு அமைதியானது. எனக்கு அது பிடித்திருந்தது. தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் கதையை நானே சொன்னேன். "இந்தக் காலத்திலும் உரைகல்லோடு அலைகிறார்கள்" என்று தலையை ஆட்டிக்கொண்டு. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்த அம்மாளின் வாயில் அடிபட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டினார்கள்.

எல்லாம் உரமருந்தால் வந்தது என்று ஆனதாலும், தடை போட ஆள் இல்லாததாலும் ஷாலினி மறுபடி பால் தேநீர் குடித்தாள், தயிர் சாப்பிட்டாள். நான்தான் தைரியம் சொன்னேன். டயபரில் இரத்த இழை திரும்ப வந்தது. "சென்சிடிவிட்டிதாம்மா, போயிரும்" என்றேன். அவளுக்குப் பிரசவ விடுப்பு முடியும் நேரம். தாய்ப்பாலில்தான் ஏதோ ஆகவில்லை, டின் பாலுக்கு மாற்றிப் பார்ப்போம் என்று அவளும் குமரனும் முடிவு செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குமரன் சமையலறையில் புதுப் பால் டின்னைத் திறந்தான். கொதிக்க வைத்த போத்தலில் மாவைப் போட்டுக் குலுக்கினான். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தான். ஒரு கரண்டிக்கே விசில் வந்த தொண்டை. இது ஒரு போத்தல்.

"குடுக்காத" என்றேன்.

"ஏம்ப்பா? உங்க கணக்குல சென்சிடிவிட்டிதான?"

"குடுக்காதடா. தைப்பூசத்தன்னிக்குப் பால் வச்சது நான்தான்."

நல்லவனாகி நான் இதைச் சொல்லவில்லை. அந்த டின் இல்லாவிட்டால் இன்றுவரை சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

குமரன் போத்தலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தான். போத்தலைக் கழுவினான், கையைக் கழுவினான், மறுபடி கையைக் கழுவினான். திரும்பாமலே பேசினான்.

"அத்தைய ஜெட்டிக்கு நான்தான்பா கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல அவங்ககூட." பிறகு, "ஷாலினி இப்ப அவங்கம்மாவுக்கு போன் பண்ணப்போறா. அதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சொல்லிருங்க. போங்க."

படகேறிப் போனேன். அந்த வீட்டின் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. எப்போதும் தெருமுனைவரை வரும் தாளிப்பு வாசனை இல்லை. வந்து நின்ற அந்த அம்மாள் இளைத்திருந்தார். உள்ளே மேசைமேல் பக்கத்து வீட்டுச் சோற்றுப் பாத்திரம்.

"வாங்க சம்பந்தி. பாப்பாவுக்கு ஏதாச்சுமா?" கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா நல்லாருக்கான்."

"நான் சமைக்கிறத நிறுத்திட்டேன்" என்றார், நான் கேட்காமலே. "அடுப்ப அணைச்சனா இல்லயான்னு பயமா இருக்கு. அன்னிக்கு நான்தான் எதையோ குடுத்துட்டு மறந்துட்டேன் போல. எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல. ஆனா நீங்க எல்லாரும் நாங்க ஒண்ணும் குடுக்கலன்னு சொல்றீங்க. படிச்சவங்க பொய்யா சொல்லுவாங்க? அப்ப நான்தான? கிளினிக்குல போயி மண்டையப் பாருங்கன்னேன். கெழம என்னன்னு கேட்டாங்க, கடிகாரம் வரையச் சொன்னாங்க. சரியாத்தான் வரஞ்சேன். ஆனா புள்ள விசயம் மறந்துபோச்சே."

நான் எதிர்பார்த்து வந்தது வேறு. திட்டுவார், கத்துவார் என்று தயாராக வந்திருந்தேன். பிறர் பொய் சொல்வார்கள் என்று நம்புவதைவிடத் தன் மூளை கெட்டுவிட்டது என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

சொன்னேன். கோயில், போத்தல், கரண்டி, சட்டைப் பை, எல்லாம்.

அவர் அருகிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு மறதி இல்ல" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, "எனக்கு மறதி இல்ல."

பிறகு எழுந்தார். பழைய முகம் வந்துவிட்டது. "போங்க" என்றார். நான் திரும்பியதும், "நில்லுங்க. ஊருக்கெல்லாம் சொன்னது யாரு, நீங்கதான? நீங்களே போயி மாத்திச் சொல்லுங்க. எங்க தெருவுக்கும் வந்து சொல்லணும். எனக்கு மறதின்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

அடுத்த நாளே கிளினிக் டாக்டரிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சலிப்போடு விளக்கினார்.

"வாயு, பச்சையாப் போறது, சிணுங்குறது, இதெல்லாம் பெரும்பாலும் அலர்ஜி இல்ல சார். பல நேரம் சாப்பாடே காரணம் இல்ல, பிள்ளைன்னா அழும். ஆனா ரத்தம் வந்தது வேற. அது மெதுவா வர்ற அலர்ஜி, தடிப்பே இல்லாம வரும். உங்க கரண்டிக்கு வந்தது ஒடனே வர்ற அலர்ஜி. ஒண்ணக் காணோம்னு இன்னொண்ணும் இல்லன்னு முடிவு கட்டக்கூடாது. தாய் வழியா கொஞ்சமா போறத தாங்குற பிள்ளைக்கு நேரா குடுத்தா தாங்கணும்னு இல்ல. நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா இவங்க மறுபடி பால் தொட்டிருக்கவே மாட்டாங்க."

நிபுணர் சோதனை செய்து அதையே உறுதிப்படுத்தினார். மாட்டுப்பால் அலர்ஜி. அந்த வாரமே குமரனும் ஷாலினியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாகான் டாலாமுக்குப் போய்விட்டார்கள். ஷாலினி வேலைக்குப் போகும்போது அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். ஜெலுத்தோங் வீட்டில் சாரோங் தொட்டிலின் கம்பிச்சுருள் மட்டும் தொங்குகிறது.

சொன்ன இடங்களுக்கெல்லாம் போனேன். தேநீர்க்கடை, கோயில் வாசல், உறவினர் வீடுகள், பாகான் டாலாம் தெரு. எல்லோரும் நான் முடிப்பதற்குள் மன்னித்துவிட்டார்கள். "சாமி பால்தான சார், தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார் ஒருவர். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம்லா" என்றார். பாகான் டாலாம் தெருவில்கூட எனக்கு நாற்காலி போட்டுக் குளிர்பானம் கொடுத்தார்கள். எதிரே தன் வீட்டு வாசலில் நின்று அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னவர் யாரும் இல்லை. மரியாதையாகப் பேசத் தெரிந்தவன் பொய் சொன்னாலும் நாற்காலி கிடைக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

பேரன் இப்போது ஓடுகிறான். பால் இன்னும் ஆகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாமா என்பதை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அவனைப் பார்க்க நான் வாரம் ஒரு முறை படகேறுகிறேன். ஒவ்வொரு முறையும் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் நின்று கேட்பார்.

"என்ன பசியாறினீங்க?"

சொல்ல வேண்டும். தோசை என்றால் நெய்யா எண்ணெயா என்பார். ரொட்டி என்றால் எந்தக் கடை ரொட்டி என்பார். வாய் கொப்பளித்து, கை கழுவி, பையில் கொண்டுவந்த வேறு சட்டையை மாற்றிய பிறகுதான் திறப்பார். டாக்டர் இவ்வளவு கேட்கவில்லை. இவர் கேட்கிறார்.

போன மாதம் ஒரு நாள் மழை. படகு தாமதம். ஜெட்டிக் கடையில் குளிருக்கு ஒரு தேநீர் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் நினைவு வந்தது.

"என்ன பசியாறினீங்க?"

"தே."

"தே ஓ தான?" என்றார். தே ஓ என்றால் பால் இல்லாதது. உள்ளேயிருந்து பேரன் "தாத்தா, தாத்தா" என்று குதித்துக்கொண்டிருந்தான். ஒரு தலையசைப்பு போதும். அவரே வழியையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"இல்ல. பால் போட்டது."

"போங்க" என்று மரக்கதவையும் சாத்தினார். பேரன் அழுவது தெருமுனைவரை கேட்டது.

மறுநாள் எதுவும் சாப்பிடாமல், எதுவும் குடிக்காமல் முதல் படகில் போனேன். என் வயதுக்கு அது சரியில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"என்ன பசியாறினீங்க?"

"ஒண்ணுமில்ல."

"தண்ணி?"

"தண்ணிகூட இல்ல."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பூட்டைத் திறந்தார்.

"உள்ள வாங்க. இட்லி இருக்கு. பாசத்துல போடுறேன்னு நெனச்சிக்காதீங்க. இங்க மயங்கி விழுந்தீங்கன்னா, அதுக்கும் நான்தான் எதையோ குடுத்தேன்னு சொல்லுவீங்க."